பிணியுற்ற உறுப்பைப் பிறர்க்கு ஈதல் அறமாமோ?

ஈயப்படும் பொருள் தூயதாதல் வேண்டும் என்பது எல்லாரும் ஒப்ப முடிந்த கொள்கை. புழுத்த அரிசியைச் சோறாக்கி இட்டவனை யாம் அறஞ்செய்தான் என்று சொல்லோம். கந்தலைத் தானங் கொடுத்தவனை உலகம் எள்ளும். ஆயின், கொடுக்கும் பொருளின்கண் நோயுளது என்பதைக் கொடுப்பாரும் அறிந்து, கொள்வாரும் அறிந்து, அறிந்தவாறே கொடுத்துங் கொண்டும் உயிர் பிழைக்கும் வழியொன்றை இக்காலத்து மருத்துவர் கண்டிருக்கின்றனர். இஃது அறத்தின்பாற் படுமோ படாதோ என்னும் வினா சென்ற ஆண்டு எம்மிடத்து வந்தது.

வினாவியவர் எம்மிடம் முன்னாளிற் பாடங்கேட்டவர்; இப்போது அமெரிக்க நாட்டில் வாழ்பவர். சிறுநீரகம் இரண்டும் பழுதுற்று, வாரத்தில் மூன்றுநாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் என்னும் குருதி வடிப்புப் பொறியோடு பிணிக்கப்பட்டிருப்பவர். மாற்றுச் சிறுநீரகம் வேண்டிக் காத்திருப்போர் வரிசையில் அவர் பெயர் ஏறி மூன்றாண்டுகள் ஆயின. மருத்துவர் ஒருநாள் அவரை அழைத்து, "இறந்தவர் ஒருவருடைய நல்ல சிறுநீரகம் விரைவிற் கிடைக்கலாம், ஆனால் அவர் உடலில் ஹெப்படைடிஸ் சி என்னும் ஈரல்நோய் இருக்கும், அந்நோய் உமக்கும் வரும், வந்தபின் மருந்தினால் தீர்ப்போம், உமக்கு உடன்பாடா?" என்றனராம். அவர்தம் மனைவியார், "நோயை விலைகொடுத்து வாங்குவாருண்டோ?" என்று மறுத்தனர். அன்பர் எமக்கு எழுதினார்: "ஐயா, இதனை ஏற்பது முறையோ? இதனைத் தருகின்ற மருத்துவர் செய்வது அறமோ? தங்கள் கருத்தை அறிந்தே முடிவு செய்வேன்."

யாம் இலக்கணம் படித்தவரேயன்றி மருத்துவம் படித்தவரல்லேம். ஆதலின் உடனே விடையெழுதவில்லை. அறிந்தாரைக் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றை முதற்கண் கூறுவாம்.

ஹெப்படைடிஸ் சி என்பது குருதிவழிப் பரவும் ஒரு வைரஸால் வருவது. பல்லாண்டுகள் ஓசையின்றி உடலில் உறைந்து, ஈரலை இறுகச் செய்து, சிலரைப் புற்றுநோயிலுங் கொண்டுபோய் விடும். இவ்வைரஸ் இன்னதென்று அறியப்பட்டது 1989ஆம் ஆண்டிலேதான். அவ்வறிவின் பொருட்டு ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்னும் மூவர்க்கு 2020இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. நெடுங்காலம் இதற்கிருந்த மருத்துவம் ஊசிமருந்தை ஓராண்டளவும் குத்திக்கொண்டு காய்ச்சலும் சோர்வும் பொறுப்பதாயிருந்தது. அவ்வாறு பொறுத்தவருள்ளும் பலர்க்கு நோய் நீங்கவில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சோபாஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் அதன் இனத்தனவும் வந்தபின், எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கிய நூற்றுவருள் தொண்ணூற்றைவர்க்கு மேற்பட்டோர் நோயின் வேரறுந்து எழுகின்றனர்.

இதற்கிடையே அந்நாட்டில் மற்றொரு துன்பம் பெருகிற்று. அபினினத்து மருந்துகளையும் ஹெராயின் முதலியவற்றையும் அளவுமீறி உட்கொண்டு இளைஞர் பலர் மாண்டனர். 2000ஆம் ஆண்டில் உறுப்பளித்த இறந்தோருள் நூற்றுக்கு ஒருவரளவே இவ்வாறு மாண்டவர். 2017இல் நூற்றுக்குப் பதின்மூவராயினர். இளமையிற் போனவராதலின் உறுப்புக்கள் நல்லன. ஊசியைப் பலர் மாறிமாறிக் குத்திக்கொண்டமையின் அவருட் பலர்க்கு இந்த ஈரல்நோயும் இருந்தது. அவர் சிறுநீரகங்களை முன்னரே அந்நோயுடைய சிலர்க்கு வைத்தனர். எஞ்சியவற்றைக் குப்பையில் எறிந்தனர். 2005 முதல் 2014 வரை அவ்வாறு எறியப்பட்டவை நாலாயிரத்துக்கு மேல். அதே காலத்தில் வரிசையிற் காத்திருந்தே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மாய்ந்தனர்.

2016இல் பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர் துணிந்து ஒன்று செய்தனர். நோயில்லாதவர்க்கே, அவர் உடன்பாடு பெற்று, நோயுற்ற கொடையாளரின் சிறுநீரகத்தை வைத்தனர். முதற்கண் பதின்மர். மூன்றாம் நாளுக்குள் அனைவர் குருதியிலும் வைரஸ் தோன்றிற்று. பன்னிரண்டு வாரம் மருந்து கொடுத்தனர். அனைவரும் நோய் நீங்கினர். பின்னர் இருபதின்மராக விரித்தபோதும் அங்ஙனமே ஆயிற்று. பாஸ்டன் நகரத்து மருத்துவர் இதனை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீட்டி, அறுவை முடிந்த சில மணி நேரத்துள்ளே மருந்தைத் தொடங்கி, நான்கு வாரத்தில் நிறுத்தினர். நாற்பத்துநால்வர் அவ்வாறு உறுப்பேற்றனர். அவருள் ஆறு திங்கள் கண்காணிக்கப்பெற்ற முதல் முப்பத்தைவரும் உயிரோடும் வைரஸின்றியும் இருந்தமை 2019இல் வெளியிடப்பட்டது.

இனி வினாவிற்கு வருவாம். "மருத்துவன் தன்னை அடைந்தார்க்குத் தீங்கு செய்யலாகாது, நோயில்லாதான் உடலில் அறிந்தே நோயைப் புகுத்துதல் தீங்கன்றி யாது? பின்னர்த் தீர்ப்பேன் என்பது, வீட்டைக் கொளுத்திவிட்டு நீரிறைப்பேன் என்பது போலும்" என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். இத்தடை எளிதாகத் தள்ளற்பாலதன்று. யாமும் முதலில் இக்கருத்தினரே ஆயிருந்தேம்.

இதில் மறைந்து நிற்கும் பிழை, ஒப்புநோக்கும் பொருளை மாற்றிக்கொண்டமையாம். நோயுள்ள சிறுநீரகத்தையும் நோயற்ற சிறுநீரகத்தையும் இருகையிலும் வைத்துக்கொண்டு, நோயுள்ளதை நீட்டுவானாயின் அவன் தீயன் என்பதில் ஐயமில்லை. அன்பர்முன் இருந்தது அதுவன்று. ஒருபுறம் மருந்தினால் தீரும் நோயோடு கூடிய சிறுநீரகம். மற்றொருபுறம் பொறியோடு பிணிக்கப்பட்ட இன்னும் சில ஆண்டுகள். அவ்வாண்டுகள் வெற்றாண்டுகளல்ல. டயாலிசிஸில் இருப்பாருடைய இதயமும் குருதிக் குழாய்களும் ஆண்டுதோறும் தேய்கின்றன. வரிசையின் முடிவைக் காணாமலே பலர் மடிகின்றனர். காத்திருத்தலும் ஒரு நோயே. அதற்கு மருந்தாவது மாற்றுச் சிறுநீரகம் ஒன்றே. வீடு முன்னரே எரிந்துகொண்டிருக்கின்றது. சேற்றுநீரால் அணைக்கலாமா என்பதே வினா.

ஆயினும், பயன் மிகுதி என்ற ஒன்றே இச்செயலை அறமாக்கிவிடாது. இதனை எமக்குத் தெளிவித்தது இளமையில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி. யாம் மடத்திற் பயின்ற காலத்து, முதிய தம்பிரான் ஒருவர் ஓர் இலக்கணவுரைச் சுவடியை எமக்கு அளித்தார். நடுவே சில ஏடுகளில் இராமபாணப் பூச்சியின் துளைகள் இருந்தன. "இதிற் பூச்சியுண்டு, பார்த்துக்கொள், பிற சுவடிகளோடு சேர்த்து வையாதே, தைலம் பூசி நிழலில் உலர்த்தி, ஒரு திங்கள் தனியே வைத்துப் பார்த்தபின் சேர்" என்று சொல்லி, ஒரு குப்பி புல்தைலமும் கையிற் கொடுத்தார். அச்சுவடி இன்றும் எம்மிடம் இருக்கின்றது. சில ஆண்டு கழித்துச் செல்வர் ஒருவர் பட்டுத்துணி சுற்றிய சுவடிக்கட்டு ஒன்றைப் பலர்முன் எமக்குப் பரிசளித்தார். அதிலும் பூச்சியிருந்தது, அவர் அதனை அறிந்திருந்தும் சொல்லவில்லை என்று பின்னர்த் தெரிந்தது. அம்மழைக்காலம் முடிவதற்குள் எம் பெட்டியிலிருந்த வேறு மூன்று சுவடிகள் பொடியாயின. இருவரும் கொடுத்தது பூச்சியரித்த ஏடே. தம்பிரான் கொடுத்ததைக் கொடை என்கின்றேம். செல்வர் கொடுத்ததற்குப் பெயர் வேறு.

உறுப்புமாற்றிலும் இவ்விருவகையும் நிகழ்ந்திருக்கின்றன. 2007ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், ஒரே கொடையாளரிடமிருந்து உறுப்பேற்ற நால்வர்க்கு எச்.ஐ.வி.யும் ஹெப்படைடிஸ் சியும் ஒருங்கே தொற்றியமை வெளிப்பட்டது. கொடையாளர் குருதி சோதிக்கப்பட்டே இருந்தது. ஆனால் நோய் புகுந்த அணிமைக்காலத்துச் சோதனைக்கு அது அகப்படாதொழிதல் உண்டு. கொடையாளர் ஐயத்துக்கிடமான வகையினர் என்பது தமக்குச் சொல்லப்படவில்லை என்று ஏற்றோருள் ஒருவர் முறையிட்டார். அந்நால்வர் பெற்றதும் பிலடெல்பியாவிற் பதின்மர் பெற்றதும் வைரஸோடு கூடிய உறுப்பே. முன்னையதைக் கேட்டு உலகம் நடுங்கிற்று. பின்னையதைக் கேட்டு வியந்தது. மருந்தின் ஆற்றல் இடையில் வளர்ந்தமை ஒரு காரணமே. சொல்லப்பட்டமை அதனினும் பெரிய காரணம் என்பது எம் கருத்து.

"சாவஞ்சி நிற்பானுக்குச் சொல்வதனால் ஆவதென்னை? வெள்ளத்தில் மூழ்குவான் எக்கயிற்றையும் பற்றுவான்; பற்றியமையின் அவன் உடன்பட்டான் என்றல் நகைப்புக்கிடமன்றோ?" எனின், இத்தடையே எம்மைப் பல நாள் உறங்கவொட்டாது செய்தது. அன்பர் கடிதத்தை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தேம். அதில் ஒரு வரி: "மூன்றாண்டாக நான் எதற்கும் இல்லை என்று சொல்லும் வன்மையை இழந்துவிட்டேன்." இவ்வாறு எழுதுவோர் தரும் உடன்பாடு உடன்பாடாகுமோ?

ஆகும் என்றே முடிவில் துணிந்தேம். அச்சமின்றித் தரும் உடன்பாடே உடன்பாடு எனின், நோயாளர் எவரும் எம்மருத்துவத்துக்கும் உடன்படல் இயலாது. கத்தியின்கீழ்க் கிடப்போர் யாவரும் அஞ்சியே கிடக்கின்றனர். அச்சம் நோயினின்று வருமாயின் அஃது ஊழ். மருத்துவனிடமிருந்து வருமாயின் அது கொடுமை. ஆதலின் நாம் நோக்கவேண்டியது, மறுத்தவனுக்கு யாது நேரும் என்பதே. "இதனை ஏலாயேல் உன் பெயரை வரிசையினின்று நீக்குவேம்" என்றோ, "பின்னே தள்ளுவேம்" என்றோ சொல்வாராயின், ஆயிரம் தாளிற் கையொப்பம் பெறினும் அஃது உடன்பாடன்று, வழிப்பறி. அன்பரை இது குறித்து மருத்துவரிடம் கேட்டெழுதச் சொன்னேம். மறுப்பினும் அவர் இடம் வரிசையிற் குறையாது. நோயில்லாத சிறுநீரகம் அவர் முறைக்கு வரின் அதுவும் அவர்க்கே. உடன்பட்ட பின்னரும் அறுவைக்குச் செல்லும் நொடிவரை மறுக்கலாம் என்று விடை வந்தது. அதன்பின்னரே எம் நெஞ்சு தெளிந்தது.

இங்ஙனம் கேட்கும்போது மற்றொன்றையுங் கேட்கச் சொன்னேம். தம்பிரான் கொடுத்த தைலக்குப்பியை நினைந்தே அதனைக் கேட்டேம். மருந்து யார் கையில் உளது? சோபாஸ்புவிர் முதலில் விற்கப்பட்டபோது பன்னிரண்டு வார மருந்துக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். (2014இல் உரிமம் பெற்று இந்திய மருந்துத் தொழிலகங்கள் அதனையே மிகக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின என்பது பிறிதொரு கதை.) ஆய்வுக்கெனச் செய்த அறுவைகளில் மருந்து முன்னரே கொடுத்துவைக்கப்பட்டது. ஆய்வு முடிந்து வழக்கமான மருத்துவமாயின பின்போ, காப்பீட்டு நிறுவனம் தாளுக்குமேல் தாள் கேட்டு இழுத்தடிக்கும் நிலை தோன்றிற்று. உறுப்பேற்றவர் உடல் அவ்வுறுப்பைத் தள்ளாதிருக்க வலிமை குறைக்கும் மருந்துகளை உண்பவர். அந்நிலையில் வைரஸ் தடையின்றிப் பெருகும். மருந்து காலந்தாழ்ந்தமையால் ஈரல் கடுமையாகப் புண்பட்டாரும் சிலர் உளர். நோயை இன்று கொடுத்து மருந்தை என்றோ கொடுப்பேன் என்பான் செய்கை அறமன்று என்பதில் எமக்கு ஐயமே இல்லை. மருந்துக்குப் பொருளளிப்பார் இன்னார் என்று எழுத்தில் வந்தாலன்றி அறுவைக்கு உடன்படற்க என்று அன்பருக்கு எழுதினேம். இது பண்டிதர் பேசும் பேச்சாக அவர்க்குத் தோன்றியிராது. கணக்குப்பிள்ளை பேசுவது போன்றிருந்திருக்கும். ஆயினும் எழுதினேம்.

இல்லாளை மறந்து பேசுதலும் கூடாது. வைரஸ் குருதிவழிச் செல்வது; ஒரே கலத்தில் உண்பதாலோ அருகிருப்பதாலோ வாராது. சவரக்கத்தியும் பல்துலக்கியும் மட்டும் பொதுவாதல் ஆகாது. மருந்து முடியுமளவும் உடனுறைவார்க்குச் சிறிது ஐயம் உண்டு. அவ்வையத்தை மருத்துவர் அவர்க்கும் நேரிற் சொல்லவேண்டும். அம்மையார் மறுத்தமைக்குக் காரணம் ஒருவரும் அவரோடு பேசாமையே என்பது பின்னர் விளங்கிற்று.

ஈண்டு, "தீரும் நோயாயின் கொடுக்கலாம், தீராநோயாயின் கூடாது" என்று ஒரு விதி செய்துகொண்டு மேற்செல்லவே முதலில் எண்ணினேம். 2017இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நிகழ்ந்ததை அறிந்தபின் அவ்விதியை அழித்தேம். ஈரல் கெட்டுச் சாகும் நிலையில் ஒரு குழந்தை, அதற்கு எச்.ஐ.வி. இல்லை, ஈரல் தரத்தக்க கொடையாளர் கிடைக்கவில்லை. தாய்க்கு எச்.ஐ.வி. உண்டு, மருந்தால் அடங்கியிருந்தது. தன் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுமாறு அவள் மீண்டும் மீண்டும் மருத்துவரை இரந்தாள். எச்.ஐ.வி.யோ மருந்தால் அடங்குவதேயன்றி அறுவதன்று. குழந்தையோ உடன்பாடு சொல்லும் பருவத்ததன்று. எம் விதியின்படி மருத்துவர் மறுத்திருக்கவேண்டும், குழந்தை இறந்திருக்கும். அவர்கள் குழந்தைக்கு முன்னரே தடுப்பு மருந்து கொடுத்து, தாயின் ஈரற்கூற்றை வைத்தனர். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது, ஓராண்டுக்குப் பின்னும் அதன் குருதியில் வைரஸ் காணப்படவில்லை. தொற்றியிருந்தாலுமே அம்மருத்துவர் செய்தது தவறென்று சொல்ல எமக்கு நா எழாது. தாய்தன் நோயோடு தன்னுயிர்ப்பகுதியை ஈந்தாள் என்பதன்றி வேறெவ்வாறு அதனைச் சொல்வது?

எச்.ஐ.வி. உடையார் உறுப்பை அந்நோயுடையார்க்கே வைத்தலைக் கேப்டவுன் நகரத்து எல்மி முல்லர் என்னும் அம்மையார் 2008இல் தொடங்கினார். அமெரிக்கச் சட்டம் அதனை 1988 முதல் விலக்கி, 2013இல் ஆய்வுக்கென இசைந்தது; சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ஆய்வென்னும் வரம்பு 2024இல் நீக்கப்பட்டது. இதில் அறவினா சிறிதாதலின் விரிக்கவேண்டுவதில்லை.

இறுதியாக, அம்மையார் எழுப்பிய ஐயம் ஒன்றுண்டு. அதனை எம் வாசகருட் பலரும் மனத்துள் வைத்திருப்பர். "போதைப்பொருள் உண்டு கெட்டு மாண்டவன் உறுப்பு நம் உடலுள் வந்தால் அவன் வினையும் உடன் வாராதோ?" என்பதே அது. வினை உயிரைப் பற்றுவது, ஊனைப் பற்றுவதன்று. அவ்வுயிர் தன் வினையோடு தன்வழிச் சென்றது. எஞ்சியது ஊன், ஊனிலிருந்தது வைரஸ், அதற்கு மாத்திரை உளது. இவ்வளவே சித்தாந்தம் கற்றார் சொல்லவேண்டும் விடை. அதனோடு ஒன்று கூட்டிச் சொன்னேம். அவ்விளைஞனைக் கெட்டவன் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டேம். அந்நாட்டில் அவருட் பலர் முதுகுவலிக்கும் பல்வலிக்கும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையிற் பழகிப் பின்னர் ஊசிக்குச் சென்றவர். வாழ்ந்த நாளில் அவரைத் தொடுவாரும் அருகினர். அவர் உடலினின்று எடுத்த சிறுநீரகத்தையும் தீண்டத்தகாதது என்று நாலாயிரக்கணக்கில் எறிந்தோம். "அசுத்தம்" என்று நாம் சொல்லும் சொல்லிற் பாதி மருத்துவம், பாதி இழிப்பு. மருந்து வந்து மருத்துவப் பாதியைத் தீர்த்தது.

அன்பர் உடன்பட்டார். கார்த்திகைத் திங்களில் ஓரிரவு அழைப்பு வந்தது. அறுவைக்குப்பின் சில நாளிற் குருதியில் வைரஸ் கண்டனர். அன்றே மருந்து தொடங்கிற்று. பன்னிரண்டு வாரம் அவர் மனைவியாரே நாடோறும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மருந்து நின்று மூன்று திங்களுக்குப் பின் பார்த்தபோதும் வைரஸ் இல்லை. இப்போது சிறுநீரகம் நன்றாக வேலைசெய்கின்றது, ஈரலும் நலமே.

அந்நாட்டில் உறுப்பேற்றவர், பெயரும் ஊரும் மறைத்து, உறுப்பு பெற்றுத்தரும் நிலையத்தின் வாயிலாகக் கொடையாளரின் குடும்பத்தார்க்குக் கடிதம் விடுக்கலாம். அன்பர் அக்கடிதத்தைத் தமிழில் எழுதித்தர வேண்டினார். தாமே ஆங்கிலத்திற் பெயர்த்துக்கொள்வாராம். எத்தனையோ வாழ்த்துப்பா எழுதிய எமக்கு அக்கடிதம் எளிதிற் படியவில்லை. ஒரு வாரம் எழுதியும் கிழித்தும் முடிவில் நான்கு வாக்கியமே நின்றன. நோயைப்பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. மறுமொழி இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை என்று நிலையத்தார் முன்னரே சொல்லியிருக்கின்றனர்.